மழைப் பாட்டும் மலைச்சரிவும்

திருவண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் வலப்பாதையில், மலையின் மேற்குப் புறத்தே அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலையார் கோயில் அங்கேதான் இருக்கிறது. மாணிக்கவாசகருக்கென்று தனியே ஒரு சிறு கோயிலும் உண்டு. திருவெம்பாவையின் 20 பாடல்களை அவர் இவ்வூரில் தங்கியிருந்த நாள்களில் பாடினார் என்பது மரபு. மார்கழி விடியலில் பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு நீராடச் செல்வதைக் கண்ட கண்களே அப்பாடல்களுக்குப் பிறப்பிடம் என்பர். பதினெட்டாம் பாடலில் அண்ணாமலையான் திருவடி பேசப்படுவது இம்மரபுக்குத் துணை நிற்கிறது.

இந்நூலை நாம் அயலார் நூல் என்று ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல் வெளியிட்டவர் ஜி. யு. போப் என்னும் கிறிஸ்தவர். பிற சமயங்களில் உண்மையாகவும் தூயதாகவும் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. அதற்கும் முன்பே, 1950களில், சாந்திவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சுவாமி அபிஷிக்தானந்தர் இதே மலையின் குகைகளில் தங்கித் தவமிருந்தார். ஆகவே தயக்கத்திற்கு இடமில்லை. ஆனால் பிறர் நூலைப் படிக்கும்போது நம்மவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றையே செய்கிறோம்: ஒன்று, குறை தேடுகிறோம், அல்லது, எல்லாம் ஒன்றே என்று புகழ்ந்துவிட்டு எழுந்துவிடுகிறோம். இரண்டாவது செயல் மரியாதைபோலத் தோன்றினும் உண்மையில் அது படிக்காமல் விடுவதே. நம்மை அலைக்கழிக்கும் கேள்வி ஒன்றை நூலின்முன் வைத்து, அது என்ன விடை தருகிறது, எங்கே மௌனமாகிறது என்று பார்ப்பதே அதற்குச் செய்யும் உண்மையான மரியாதை. நாம் வைக்கும் கேள்வி பழையது. இறைவன் நல்லவர், மனிதன் சுதந்திரம் உள்ளவன் என்றால், தீமை எங்கிருந்து வந்தது?

திருவெம்பாவையின் முதல் எட்டுப் பாடல்கள் துயிலெழுப்பும் பாடல்கள். இவற்றை இனிமையான காலைக் காட்சியாக மட்டும் காண்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. எட்டுப் பாடல்களிலும் வெளியே நிற்பவர்கள் அழைக்கிறார்கள், கேலி செய்கிறார்கள், கடிந்துகொள்கிறார்கள், நேற்று அவள் பேசிய பெருமைகளை நினைவூட்டுகிறார்கள். ஒருவரேனும் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைவதில்லை. நான்காம் பாடலில் உள்ளே படுத்திருப்பவள், தோழியர் அனைவரும் வந்துவிட்டனரா என்று கேட்டுப் பொழுது போக்குகிறாள். எண்ணிச் சொல்கிறோம், ஆனால் அதுவரை கண்ணயர்ந்து காலத்தை வீணாக்காதே என்கிறார்கள் வெளியே இருப்பவர்கள். பிறகு, எங்களால் எண்ண இயலாது, நீயே வந்து எண்ணிப்பார், ஆள் குறைந்தால் திரும்பிப் போய்த் தூங்கு என்று முடிக்கிறார்கள். என்ன அழகான வாதம்! தூங்குவதற்கான உரிமையையும் அவளிடமே விட்டுவிடுகிறார்கள். எழுவதும் எழாதிருப்பதும் அவள் கையில்.

மனிதனின் விருப்புரிமையைப் பற்றித் தமிழில் இதைவிடச் சிறந்த சித்திரம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. அருள் அழைக்கும், காத்திருக்கும், சிரிக்கவும் வைக்கும். தாழ்ப்பாள் மட்டும் உள்ளே இருக்கிறது. திருவெளிப்பாடு நூலில் ஆண்டவர் கதவருகில் நின்று தட்டும் காட்சி நமக்குத் தெரிந்ததே. அதை வரைந்த ஓவியம் நம்மில் பலருடைய வீட்டுச் சுவரில் தொங்கியிருக்கிறது. அக்கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி இல்லை என்பதை மறைக்கல்வி வகுப்பில் சுட்டிக்காட்டாத ஆசிரியர் குறைவு. விவிலியக் காட்சியில் தட்டுபவர் ஆண்டவர்; திருவெம்பாவையில் தட்டுபவர்கள் தோழியர். இவ்வேறுபாடும் சுவையானது. ஒருத்தியின் மனம் திறப்பதற்கு ஊரே வந்து வாசலில் நிற்கவேண்டியிருக்கிறது. சுதந்திரம் என்பதைத் தனியொருவரின் உடைமையாக மட்டும் எண்ணிப் பழகிய இக்காலத்திற்கு இந்த வாசல் கூட்டம் சொல்லித்தரக்கூடியது நிறைய உண்டு.

இதுவரை நமக்கும் நூலுக்கும் இடையில் வழக்கு ஏதும் இல்லை.

அடுத்து வரும் நீராட்டுப் பாடல்களில் பன்னிரண்டாவது நம்மைச் சற்று நிறுத்துகிறது. வானையும் மண்ணையும் நம் எல்லாரையும் காப்பதும் படைப்பதும் மறைப்பதும் இறைவனுக்கு விளையாட்டு என்கிறது அப்பாடல். இதைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் கிறிஸ்தவர், முதலில் தம் விவிலியத்தைத் திறந்து பார்க்கவேண்டும். நீதிமொழிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில், உலகு உருவான வேளையில் ஞானம் இறைவன் திருமுன் மகிழ்ந்து களித்திருக்கிறது. நூற்று நான்காம் திருப்பாடலில் கடலின் பேருயிர் விளையாடுவதற்கென்றே படைக்கப்பட்டிருக்கிறது. தேவை எதுவும் இல்லாமல், கட்டாயம் எதுவும் இல்லாமல், மகிழ்ச்சி ஒன்றாலேயே படைத்தார் என்று சொல்ல விளையாட்டைவிட நல்ல உவமை கிடைப்பது அரிது. படைப்பது விளையாட்டு என்றால் நாமும் தலையசைப்போம். மறைப்பதும் விளையாட்டுதானா என்பதே நம் ஐயம்.

சைவ சித்தாந்திகள் இதற்கு வைத்திருக்கும் விடை எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆணவம் என்னும் மலம் இறைவனால் உண்டாக்கப்பட்டதில்லை. செம்பில் களிம்புபோல உயிரை என்றுமே பற்றியிருப்பது. இறைவன் மறைப்பதும் அதைக் கழற்றி உயிரை ஈடேற்றுவதற்கே என்பர். இதனால் தீமைக்கு இறைவன் பொறுப்பாளி ஆவதில்லை. ஆனால் இறைவனைப்போலவே தொடக்கமில்லாத ஒன்று, அவருக்கு மாறாக, என்றென்றும் இருந்துவந்திருக்கிறது என்று ஒப்ப வேண்டியதாகிறது. நம் மரபால் அவ்வாறு ஒப்ப முடியாது. படைப்பு அனைத்தும் நன்று, தீமை பின்னர் விருப்புரிமையின் வழியே நுழைந்தது என்று சொல்லிவிட்டோம். அப்படிச் சொன்னதால் ஒரு சுமை நம் தோளில் ஏறுகிறது. அச்சுமை எவ்வளவு கனமானது என்பதை அண்மையில் இதே மலை காட்டியது.

பதினாறாம் பாடல் மழை வேண்டும் பாடல். கடல்நீரை முகந்து மேலெழும் மேகம் உமையின் திருமேனிபோல் கறுக்கிறது. மின்னல் அவள் இடைபோலவும் இடி அவள் சிலம்பொலிபோலவும் வானவில் அவள் புருவம்போலவும் அமைகின்றன. அவளுடைய அருள் சுரப்பதுபோலப் பொழிவாயாக என்று பெண்கள் மேகத்தை நோக்கிப் பாடுகிறார்கள். ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் வறண்ட பகுதியில் பிறந்த பாட்டு என்பதை நினைவில் கொண்டால்தான் அதன் தாகம் விளங்கும். மழைக்கும் அருளுக்கும் இடையே இடைவெளியே வைக்காத பாட்டு அது.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலை முகந்துகொண்டு எழுந்த மேகம் திருவண்ணாமலைமீது பொழிந்தது. டிசம்பர் 1ஆம் நாள் மாலை, நகரை ஒட்டிய அடிவாரமான வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்தன. ஏழு பேர் புதையுண்டு இறந்தனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். நெருக்கமான தெருக்கள்வழியே பெரிய பொறிகளைக் கொண்டுசெல்வது கடினமாயிருந்தது; ஏழு உடல்களையும் எடுத்து முடிக்க நாள்கள் ஆயின. அந்த ஆண்டு டிசம்பர் 13இல் வழக்கம்போல மலையுச்சியில் தீபம் ஏற்றப்பட்டது. பக்தர்கள் மலையேற மட்டும் அனுமதிக்கப்படவில்லை.

டிசம்பர் 1 நமக்குத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று காலை நம் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது லூக்கா நற்செய்தியின் இருபத்தோராம் அதிகாரம். கடலின் முழக்கத்தால் மக்களினங்கள் கலங்கும் என்றும், எப்போதும் விழித்திருந்து மன்றாடுங்கள் என்றும் ஆண்டவர் சொல்லும் பகுதி அது. விழித்தெழச் சொல்லும் தமிழ்ப் பாட்டு பிறந்த மலையும், விழித்திருக்கச் சொல்லும் நற்செய்தியும், ஒரே நாளில் அந்தத் தெருவின்முன் வந்து நின்றன. அங்கே உறங்கிக் கிடந்த மனம் எது? எந்தத் தாழ்ப்பாளை எந்தக் குழந்தை திறக்க மறுத்தது?

இக்கேள்விக்கு ஆயத்த விடைகள் பல உண்டு. முற்பிறவி வினை என்பது ஒன்று. மக்களின் பாவத்திற்குத் தண்டனை என்பது மற்றொன்று; இதைச் சொல்வோர் எல்லாச் சமயங்களிலும் இருக்கிறார்கள், நம் பீடங்களிலும் இருந்திருக்கிறார்கள். இவ்விரண்டிற்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. இரண்டுமே இறைவனைக் காப்பாற்றுவதற்காக இறந்தவர்மீது குற்றம் சுமத்துகின்றன.

லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில் இயேசுவிடம் இதே கேள்வி வருகிறது. அங்கே இரண்டு சாவுகள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றது முதலாவது. அது ஒரு மனிதன் தன் விருப்பத்தால் செய்த கொலை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தது இரண்டாவது. அதில் கொலையாளி என்று எவரும் சுட்டப்படவில்லை. மக்கள் கொண்டுவந்தது முதல் செய்தியை மட்டுமே. இரண்டாவதை இயேசுவே எடுத்துச் சேர்க்கிறார். சேர்த்து, இரண்டிலும் இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று மறுக்கிறார். பிறகு அவர் மனமாற்றத்தைப் பற்றிப் பேசுவது உண்மைதான். ஆனால் அது உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு. கோபுரம் ஏன் விழுந்தது என்பதற்கு அவர் காரணம் தரவில்லை.

காரணம் தரத்தக்க இடமும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் நொடிக்கு 1,68,000 கன அடி அளவுக்கு நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. முன்னெச்சரிக்கை போதவில்லை என்று ஒரு சாராரும், உரிய எச்சரிக்கைகள் தரப்பட்டன என்று அரசும் வாதிட்டனர். எது சரி என்று தீர்ப்பது நம் வேலை அன்று. அணையின் மதகில் மனிதக் கை இருக்கிறது, ஆகவே அங்கே பொறுப்பைப் பற்றிப் பேசமுடிகிறது என்பதே நாம் காட்ட விரும்புவது. மலைச்சரிவிலும் இப்படிப் பேசத்தக்க பகுதி உண்டு. ஏழைகள் சரிவில் வீடு கட்டுவது மலைக்காட்சியை விரும்பி அன்று. சமதளத்து நிலத்தின் விலை அவர்களுக்கு எட்டாது. அந்த விலையில் நம் எல்லாருடைய விருப்புரிமையும் கலந்திருக்கிறது. ஆயினும் இவற்றையெல்லாம் கணக்கில் எழுதி முடித்த பிறகும், பாறை ஒன்று மீதி நிற்கிறது. அதற்கு விருப்பமும் இல்லை, பாவமும் இல்லை.

புனித அகுஸ்தீனார் 388ஆம் ஆண்டளவில் விருப்புரிமை குறித்த நூலை எழுதத் தொடங்கினார். தீமைக்கு இறைவன் காரணரா என்ற கேள்வியே அதன் முதல் வரி. மேலை உலகம் இன்றுவரை அந்நூலின் நிழலிலேயே நிற்கிறது. பாவத்தைப் பொறுத்தவரை அதன் விடையை விஞ்சியவர் இல்லை. ஆனால் மூன்றாம் பகுதியின் இறுதியை நெருங்குகையில் குழந்தைகளின் நோவும் சாவும் அவர்முன் வந்து நிற்கின்றன. பிள்ளைகள் படும் துன்பத்தால் பெரியவர்கள் திருத்தப்படுகிறார்கள், அதில் இறைவன் ஒரு நன்மையை விளைவிக்கிறார் என்று அவர் எழுதுகிறார். அப்பிள்ளைகளுக்கு இறைவன் மறைவில் எந்த நன்மையை வைத்திருக்கிறாரோ யாரறிவார் என்றும் சேர்த்துக்கொள்கிறார். பின்னதை நாம் பற்றிக்கொள்ளலாம். முன்னதை, அப்பெரும் புனிதர்மீது நமக்குள்ள மதிப்பெல்லாம் இருந்தும், ஏற்க இயலவில்லை. ஒரு குழந்தையின் சாவு இன்னொருவரைத் திருத்தும் கருவி ஆகுமானால், அக்குழந்தை இறைவனின் கணக்கில் எதுவாக இருக்கிறது? வ.உ.சி. நகரில் பிள்ளையை இழந்தவர்களின்முன் நின்று இதைச் சொல்ல நாம் துணிவோமா? அங்கே சொல்லமுடியாத ஒரு விளக்கத்தை நூலில் மட்டும் வைத்துக்கொள்வது முறையன்று.

1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி இங்கே அகுஸ்தீனாரைவிட அடக்கமாக நடந்துகொள்கிறது. விரைந்து சொல்லும் எந்த விடையும் போதாது என்று வெளிப்படையாக ஒப்புகிறது. படைப்பு இன்னும் தன் நிறைவை நோக்கி வழியில் இருக்கிறது என்றும், அதனால் ஆக்கத்தோடு அழிவும் உடன்வருகிறது என்றும் சொல்கிறது. பாறை சிதைந்து மண்ணாவதால்தான் அடிவாரத்தில் பயிர் விளைகிறது என்பது உண்மையே. ஆனால் இது மழை எவ்வாறு பெய்கிறது என்பதற்கு விளக்கம். அந்த மாலையில் அந்த வீட்டின்மேல் என்பதற்கு அன்று.

இன்னொன்றையும் நம்மவரிடம் சொல்லவேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வேளாங்கண்ணியில் நூற்றுக்கணக்கான திருப்பயணிகளைக் கொண்டுசென்றது. பேராலயத்துக்குள் அலை புகவில்லை என்பதை அன்றுமுதல் புதுமையாகச் சொல்லி வருகிறோம். உள்ளே இருந்தவர்களின் நன்றி நியாயமானது. ஆனால் அதே வாக்கியத்தைக் கடற்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு திருப்பயணி கேட்டால், அன்னை யாரைத் தேர்ந்தாள், யாரை விட்டாள் என்றல்லவா அவர் காதில் விழும்? அன்று திருக்குடும்பத் திருவிழா. குழந்தை இயேசு எகிப்துக்குத் தப்பிச்செல்லும் பகுதியே அந்த ஆண்டின் நற்செய்தி வாசகம். பெத்லகேம் குழந்தைகள் கொல்லப்படும் வசனங்களை அவ்வாசகம் நடுவில் தாண்டிச்செல்கிறது. இரண்டு நாள் கழித்து, மாசில்லாக் குழந்தைகள் திருவிழாவில்தான் அவை வாசிக்கப்படுகின்றன. தப்பியவரின் கதையை வாசிக்கும்போது தப்பாதவர்களின் வசனங்களைத் தாண்டிச்செல்லும் பழக்கம் நம் பேச்சிலும் ஊறிவிட்டதோ என்று ஐயுறுகிறோம்.

இனி மாணிக்கவாசகரிடம் திரும்புவோம். அவர் வரலாற்றிலேயே ஒரு வெள்ளம் உண்டு. பாண்டியன் அவரை வைகை மணலில் வெயிலில் நிறுத்தி ஒறுக்க, ஆறு பெருக்கெடுக்கிறது. கரையடைக்க ஆளில்லாத வந்தி என்னும் பிட்டு விற்கும் கிழவிக்காக இறைவனே கூலியாளாக வருகிறார். வேலை செய்யாமல் விளையாடியதற்காக அரசன் பிரம்பால் அடிக்க, அவ்வடி எல்லா உயிர்கள்மேலும் விழுகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதை விரித்துரைக்கிறது. மண் சுமந்து, கூலி பெற்று, அடிபட்டுப் புண்பட்ட இறைவனைத் திருவாசகத்தின் திருவம்மானையும் பாடுகிறது. ஒரு கிறிஸ்தவர் இதைச் சிலிர்ப்பில்லாமல் படிக்கமுடியாது. வெள்ளத்தின் கரையில், ஏழைக் கிழவியின் பங்குக்கு, அடிபட்ட முதுகோடு நிற்கும் கடவுள்! ஆயினும் ஒற்றுமையைக் கண்டு மகிழ்வதோடு நின்றுவிடலாகாது. அங்கே ஒருவர்மேல் விழுந்த அடி எல்லார்மேலும் விழுகிறது. அவர் எல்லாவற்றிலும் நிறைந்தவர் என்பதை அது காட்டுகிறது. கல்வாரியில் எல்லார்மேலும் விழும் அடி ஒருவர்மேல் விழுகிறது, அவர் அதில் இறக்கிறார். வைகையின் அடி ஓர் உண்மையை வெளிப்படுத்துகிறது. சிலுவையின் அடி எதையும் விளக்கவில்லை. தந்தை ஏன் கைவிட்டார் என்ற கேள்வி மகனின் வாயிலிருந்தே வருகிறது.

பத்தொன்பதாம் பாடலில் பெண்கள் இறைவனிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறார்கள். மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கும்போது பெற்றோர் சொல்லும் பழைய அடைக்கல மொழியை, உன் கையிலுள்ள பிள்ளை உனக்கே பொறுப்பு என்னும் கருத்துள்ள அம்மொழியை, அஞ்சி அஞ்சி நினைவூட்டித் தொடங்குகிறார்கள். உன் அன்பரையன்றி வேறெவரையும் சேரோம், உனக்கன்றி எம் கை வேறு பணி செய்யாது, எம் கண் வேறொன்றைக் காணாது. இதை நீ அருளினால் கதிரவன் எத்திசையில் உதித்தால் எமக்கென்ன என்று முடிக்கிறார்கள். பக்தியின் உச்சம் என்று இம்முடிவைப் போற்றுவோர் பலர். பிறர் காணும் உச்சத்தில் நாம் ஓர் இழப்பையும் காண்கிறோம். மூன்று பாட்டுக்கு முன்னர் மேகத்தை நோக்கி உருகிக் கேட்டவர்கள், இப்போது வானத்தில் எது நடந்தாலும் கவலையில்லை என்கிறார்கள். கதிரவனும் மழையும் தமக்கு ஒரு பொருட்டன்று என்று ஆனபின், பாறை விழுவதும் பொருட்டன்று என்று ஆகிவிடும். மழைப் பாட்டைப் பாடியவளுக்கு மட்டுமே மழை தவறியபோதும் மிகுந்தபோதும் முறையிட உரிமை உண்டு. கேட்டவளே முறையிட முடியும்.

முறையீட்டை மாணிக்கவாசகர் அறியாதவர் அல்லர். உத்தரகோசமங்கையில் பாடப்பட்ட நீத்தல் விண்ணப்பத்தின் 50 பாடல்களும் என்னைக் கைவிட்டுவிடாதே என்னும் ஒரே மன்றாட்டு. அதன் முடிவை நெருங்குகையில், நீ கைவிட்டால் ஊரார் உன்னைக் கண்டு நகைக்கும்படி செய்வேன் என்று இறைவனையே மிரட்டும் அளவுக்குப் போகிறார். மார்கழியில் திருவெம்பாவை எல்லார் வாயிலும் ஒலிக்கிறது. நீத்தல் விண்ணப்பம் அந்த அளவுக்குப் பொதுமக்களிடம் வரவில்லை. 2024க்குப் பின் அண்ணாமலை அடிவாரத்தில் இவ்விரண்டையும் சேர்த்துப் பாடினால்தான் பதினாறாம் பாடல் முழுமையாக ஒலிக்கும் என்பது நம் கருத்து.

நம் வீட்டு நிலையும் இதுவே. விவிலியத்தின் 150 திருப்பாடல்களில் முறையிடும் பாடல்கள் ஏராளம். ஏறக்குறைய எல்லாமே கடைசியில் புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும். எண்பத்தெட்டாவது மட்டும் திரும்புவதில்லை. நண்பரும் விலகி, இருளே துணையாகி, அங்கேயே அது முடிந்துவிடுகிறது. அடக்கத் திருப்பலிகளில் இதைக் கேட்டதாக நம் பொதுநிலையினருள் சொல்லக்கூடியவர் மிகச் சிலரே இருப்பர். அங்கே நாம் தேர்வது ஆயர் பாடலாகிய இருபத்து மூன்றையே. திருச்சபையோ தன் திருப்புகழ்மாலையில், வெள்ளிக்கிழமைதோறும் உறங்கப்போகுமுன், இந்த எண்பத்தெட்டாம் பாடலையே வைத்திருக்கிறது. குருக்களும் துறவியரும் வாரந்தோறும் அதைச் சொல்கிறார்கள். அதன் இருளைத் திருத்தி எவரும் ஒரு வரி சேர்க்கவில்லை. மற்றெல்லாத் திருப்பாடல்களுக்கும் செய்வதுபோல, தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும் உரிய புகழை அதன் பின்னும் சொல்லிவிட்டு விளக்கை அணைக்கிறார்கள்.